இறாலுக்கு உண்டு சோதனை, இரைப்பைக்கு?

தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் உறைந்த இறால், ஆய்வகச் சான்று இல்லாமல் கப்பலேற முடியாது. அதில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 2022 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் கடைப்பிடிக்கும் வரம்பின்படி, ஒரு கிலோ இறாலில் குளோராம்பெனிகால் 0.15 மைக்ரோகிராமை எட்டினாலோ, நைட்ரோபியூரான் வகை மருந்துகளின் எச்சம் 0.5 மைக்ரோகிராமை எட்டினாலோ அந்தச் சரக்கு உணவுக்கு ஆகாது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அத்தனை நுண்ணிய அளவையும் கண்டறியும் கருவிகளும் அவற்றை இயக்கத் தெரிந்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள்.

அந்த இறாலின் தோலை உரிக்கும் பெண்ணுக்கு வயிறு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்துக்கடையில் நின்று அவர் வாங்கிச் செல்லும் மாத்திரை அவருடைய இரைப்பையில் உள்ள பாக்டீரியாவைக் கொல்லுமா, கொல்லாதா என்று எவரும் சோதிப்பதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தாலும் பெரும்பாலும் நிலைமை அதுதான். இறாலின் உடலில் மருந்து தங்கியிருக்கிறதா என்று அறிய ஒரு நாடே அக்கறை காட்டுகிறது. மனிதரின் உடலில் மருந்து வேலை செய்கிறதா என்று அறிய அதில் பத்தில் ஒரு பங்கு அக்கறைகூடக் காட்டப்படவில்லை. இந்த வேறுபாடு எப்படி உண்டாயிற்று, இதை எப்படிச் சரிசெய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் இரைப்பை கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கேள்விக்கு நான் வந்து சேர்ந்தது புத்தகங்களின் வழியாக அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு மேல்வயிற்றில் எரிச்சலும், விடியற்காலையில் பசிபோன்ற ஒரு வலியும் எனக்கு வரத் தொடங்கின. எண்டோஸ்கோபி செய்ததில் சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருப்பதும், இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதும் தெரியவந்தன. ஒரே அட்டையில் மூன்று மருந்துகள் அடங்கிய சிகிச்சை எழுதித் தரப்பட்டது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டேன். எரிச்சல் தணிந்தது. நான்கு மாதங்களில் திரும்பி வந்தது. மறுபடியும் அதே அட்டை. மறுபடியும் அதே கதை.

மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர், மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார். “கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் என்னென்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறீர்கள்?” எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியுடன் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். மழைக்காலம்தோறும் தொண்டை கட்டினால் மூன்று நாள் அசித்ரோமைசின். வெளியூர் போய்வந்து வயிறு கலங்கினால் ஓஃப்லாக்சசினும் ஓர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. பல்வலிக்கு மெட்ரோனிடசோல். பெரும்பாலானவை நானே கடையில் பெயர் சொல்லி வாங்கியவை. பட்டியலைப் பார்த்த மருத்துவர், “உங்கள் வயிற்றிலுள்ள கிருமிக்கு இவையெல்லாம் பழைய நண்பர்கள்” என்றார். பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையைப் பதினான்கு நாள் தந்தார். முடிந்த சில வாரங்களுக்குப் பின் மூச்சுச் சோதனையும் செய்யவைத்தார். கிருமி போயிருந்தது.

முதல் இரண்டு தோல்விகளுக்கு நான் யாரையும் குறை சொல்ல முன்வரவில்லை. அந்தக் கிருமியைப் பழக்கியவன் நான்தான். ஆனால், அந்தக் கேள்வியை மூன்றாவது மருத்துவர் மட்டும் கேட்டது தற்செயலாக இருக்கக் கூடாது. அது முறையாக ஆக வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இரண்டு வகை எதிர்ப்பு

பல தலைமுறைகளாக வயிற்றுப்புண்ணுக்கு மிளகாயையும் மனக்கவலையையும் காரணமாகச் சொல்லிவந்தோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இந்தக் கருத்தை மாற்றினார்கள். இரைப்பைத் திசுவில் கண்ட வளைந்த பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்க்க அவர்கள் பலமுறை முயன்றும் முடியவில்லை. 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சில நாட்கள் கிடந்தபோதுதான் கிருமி வளர்ந்து கண்ணில் பட்டது. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து, தமக்கே இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் பாக்டீரியாவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

ஈஸ்டர் விடுமுறைச் செய்தியை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமி மெதுவாக வளர்வது. குறைந்த ஆக்சிஜன் வேண்டும். தனி ஊட்டம் வேண்டும். நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குச் செய்வதுபோல, எந்த மருந்து கேட்கும் என்று இரண்டு நாளில் சோதித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் உலகெங்கும் இந்த ஒரு தொற்றுக்கு மருத்துவர்கள் நெடுங்காலம் சோதிக்காமலே மருந்து எழுதிவந்தார்கள். சோதிக்காமல் எழுதும் பழக்கத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: அந்த வட்டாரத்தில் எதிர்ப்பாற்றல் குறைவாக இருக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் எதிர்ப்பு 15 சதவீதத்தைத் தாண்டிவிட்ட இடங்களில் அதைச் சோதனையின்றித் தரக் கூடாது என்று ஐரோப்பிய வல்லுநர் குழு பரிந்துரைத்தது. அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவக் கல்லூரியின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையை 14 நாள் தருவதையே முதல் தெரிவாக்கியது.

இந்தியாவின் நிலை என்ன? சென்னை, ஐதராபாத், லக்னோ உள்ளிட்ட நகரங்களின் நோயாளிகளிடம் எடுத்த மாதிரிகளைக் கொண்டு நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், மெட்ரோனிடசோலுக்கு முக்கால் பங்குக்கும் மேற்பட்ட கிருமிகள் எதிர்ப்புக் காட்டின. கிளாரித்ரோமைசினுக்கும் 15 சதவீத வரம்பை மிகவும் தாண்டிய எதிர்ப்பு இருந்தது. அது இருபதாண்டுகளுக்கு முந்தைய எச்சரிக்கை. அதே ஆய்வில் மிகக் குறைந்த எதிர்ப்பைக் கண்ட மருந்துகள் டெட்ராசைக்ளினும் சிப்ரோஃப்ளாக்சசினும்.

மருந்து எதிர்ப்பு எப்படி உருவாகிறது என்பதில் இந்தக் கிருமிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது இரைப்பையின் சளிப்படலத்துக்கு அடியில், ஒரே மனிதரிடம் பல்லாண்டுகள் குடியிருக்கிறது. அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே வகை மருந்துகள். தொண்டைக்காக விழுங்கும் அசித்ரோமைசின் இரைப்பையைக் கடந்துதான் போகிறது. அங்கே கிருமிகளில் பெரும்பாலானவை அடிபடும். மரபணுவில் ஓர் எழுத்து மாறிப்போன ஒன்றிரண்டு தப்பிக்கும். தப்பியவை பெருகி வயிற்றை நிரப்பிக்கொள்ளும். ஐந்தாண்டுகள் கழித்துப் புண் வந்து கிளாரித்ரோமைசின் சாப்பிடும்போது, அந்தப் போர் முன்பே தோற்றுப்போயிருக்கும். சளிக்குச் சாப்பிட்ட மாத்திரை வயிற்றுப்புண் சிகிச்சையைக் கெடுக்கும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மற்றொரு வகை எதிர்ப்பு ஒரு கிருமியிடமிருந்து இன்னொரு கிருமிக்குக் கைமாறுவது. அதன் வரலாற்றில் தமிழகத்துக்கு ஓர் இடம் உண்டு. 1992இன் இறுதியில் சென்னையிலும் தென்னிந்தியாவின் வேறு ஊர்களிலும் அதுவரை அறியப்படாத காலரா வகை ஒன்று பரவியது. ஓ139 என்று பெயரிடப்பட்ட அது, வங்கக் கடலோரமாக வங்கதேசம்வரை சென்றது. சென்னையில் எடுத்த மாதிரியை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானிகள், சல்ஃபாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்டிரெப்டோமைசின் ஆகிய மூன்று மருந்துகளுக்கான எதிர்ப்பும் ஒரே மூட்டையாகக் கிருமிக்குக் கிருமி தாவுவதை 1996இல் விவரித்தார்கள். அதற்கு இருபதாண்டுகளுக்கு முன், 1972இல், கோழிக்கோட்டில் டைபாய்டு கிருமி குளோராம்பெனிகாலுக்குக் கட்டுப்படாமல்போன செய்தி உலக அறிவியல் இதழில் வெளியானது. குளோராம்பெனிகால் போய் சிப்ரோஃப்ளாக்சசின் வந்தது. இந்திய டைபாய்டு கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை இன்று அதற்கும் கட்டுப்படுவதில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஐதராபாத்தில் தோன்றிய டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் தோற்கடித்தது.

ஆக, காலராவிலும் டைபாய்டிலும் என் அண்டை வீட்டுக்காரர் செய்யும் பிழை குடிநீர் வழியாக என்னையும் தாக்கும். ஹெலிகோபாக்டரில் பெரும்பாலும் நான் செய்யும் பிழை என்னையும், ஒரே தட்டிலும் தம்ளரிலும் பழகும் என் பிள்ளைகளையும் தாக்கும். முன்னதற்குத் தண்ணீரும் கழிவுநீரும் மருந்து. பின்னதற்கு நினைவும் சோதனையும் மருந்து.

முத்துக்கரையின் பழைய அச்சம்

வயிற்றுக் கிருமி இந்தக் கடற்கரைக்குப் புதியதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துச்சலாபம் நடந்த காலத்தில், மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைக்கும். குளியாளிகள், வணிகர்கள், ஓடக்காரர்கள், கடைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். குடிநீர் குறைவு, கழிப்பிடம் இல்லை, கரையில் அழுகும் சிப்பி. அதிகாரிகள் சுறாவைக்காட்டிலும் அஞ்சியது காலராவுக்குத்தான். முகாமில் வாந்திபேதி என்ற சொல் பரவினால் குளியாளிகள் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றவர்களைத் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் தங்கவைத்து, நோயில்லை என்று உறுதியான பின்பே கப்பலேற்றிய காலமும் உண்டு. துறைமுகத்துக்கும் தொற்றுநோய்க்கும் உள்ள உறவை இந்த ஊர் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

இந்தியக் கரையில் பெரிய அளவிலான முத்துக்குளித்தல் 1961உடன் நின்றுபோனது. ஆனால், அறிவியல் இங்கு நிற்கவில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையத்தில் 1973இல் கே.அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் இந்தக் கடலின் சிப்பியிலிருந்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக்காட்டினார்கள். 1977இல் மீன்வளக் கல்லூரி வந்தது. 2000இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மீனின் நோயையும் மனிதரின் நோயையும் ஆராயும் இரு கல்லூரிகள் ஒரே நகரில் இருப்பது தமிழகத்தில் எல்லா ஊர்களுக்கும் வாய்த்த பேறல்ல.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை இங்குள்ள எவரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி தெருவுக்குள் வந்தது. குடிநீர்க் குழாய் எது, சாக்கடை எது என்று பிரித்தறிய முடியாத நாட்கள் அவை. எனக்குத் தெரிந்த பல வீடுகளில், வயிற்றுப்போக்கு வரும் முன்பே ‘வந்தால் இருக்கட்டும்’ என்று ஓஃப்லாக்சசின்–ஓர்னிடசோல் அட்டையை வாங்கி வைத்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைத் தேடியவர்கள் குறைவு. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில், ஊசி நீர் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலானபிஸ் அந்தக் கரைசலைக் கொண்டே காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு இன்றும் அதுவே முதல் மருந்து. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்துத் தந்தால் போதும். நுண்ணுயிர்க்கொல்லி தேவைப்படுவது சிலருக்கே.

எல்லோருக்கும் சிகிச்சை தரலாமா?

ஹெலிகோபாக்டர் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்றால் எல்லோரையும் சோதித்து எல்லோருக்கும் மருந்து தந்துவிடலாமே என்று தோன்றும். தைவானின் மட்சு தீவுகளில் 2004 முதல் அப்படித்தான் செய்தார்கள். அங்கு இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால், மட்சு ஒரு சிறு தீவுக்கூட்டம். அங்கு இரைப்பைப் புற்றுநோய் மிகுதி. இந்தியாவிலோ வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கும் மேலானோரின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது; அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு அது தொல்லை தருவதில்லை. அத்தனை கோடிப் பேருக்கும் இரண்டு வாரங்களுக்கு இரண்டு மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகளைக் கொடுத்தால், அவர்கள் குடலில் உள்ள மற்றெல்லாக் கிருமிகளும் எதிர்ப்பைக் கற்றுக்கொள்ளும். 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் மருந்து எதிர்ப்புக் கிருமிகளால் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு நோயைத் தடுக்கப்போய் அந்த எண்ணிக்கையைக் கூட்டிவிடக் கூடாது.

ஆகவே, யாருக்குச் சிகிச்சை அவசியம் என்று தெரிந்தெடுப்பதே அறிவு. வயிற்றுப்புண் உள்ளவர்கள், நெருங்கிய இரத்த உறவில் இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்கள், நீண்ட காலம் ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிட வேண்டியவர்கள் ஆகியோரிடம் கிருமியைத் தேட வேண்டும். கண்டால் ஒழிக்க வேண்டும். இந்த மூன்றாவது பிரிவு தூத்துக்குடிக்கு மிகவும் முக்கியம். வெயிலில் நின்று உப்பு வாரும் தொழிலாளியும், மூட்டை தூக்கும் துறைமுகத் தொழிலாளியும் உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் விழுங்குவதை அன்றாடம் பார்க்கிறோம். வலி மாத்திரையும் ஹெலிகோபாக்டரும் சேர்ந்தால் புண்ணும் இரத்தக்கசிவும் வரும் வாய்ப்பு, தனித்தனியே இருப்பதைவிடப் பல மடங்கு கூடும். உப்பிட்டுப் பதப்படுத்திய உணவை மிகுதியாக உண்பதும் இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையது என்பது ஆய்வுகள் சுட்டும் செய்தி. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்றுநோய் நெடுங்காலமாக முன்வரிசையில் இருந்துவந்திருக்கிறது. உப்பும் கருவாடும் வாழ்வான ஒரு கரை, இதைக் கவனியாமல் இருக்கலாகாது.

கடைக்காரர் மட்டுமா குற்றவாளி?

மருத்துவர் சீட்டின்றி மருந்து தரும் கடைகள் மீது நடவடிக்கை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல் அந்த நோக்கத்தோடுதான் வகுக்கப்பட்டது. அதிலுள்ள மருந்துகளை விற்கும்போது நோயாளி, மருத்துவர் விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆனால், அப்போது வகுத்த பட்டியலில் அசித்ரோமைசின் இல்லை, மெட்ரோனிடசோல் இல்லை, ஓஃப்லாக்சசின் இல்லை. நம் வயிற்றில் எதிர்ப்பைப் பழக்கும் மருந்துகளில் முக்கியமானவை அந்த வேலிக்கு வெளியேதான் நின்றன.

வேலியை விரிப்பது நல்லது. ஆனால், உப்பளத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். கடைக்காரர்தான் அவருக்கு அருகில் உள்ள மருத்துவர். மாலை நேரத்தில் திறந்திருக்கும் ஓர் அரசு மருத்துவமனைப் பிரிவு இல்லாமல் கடையை மட்டும் அடைத்தால், சுமை ஏழையின் தலையில்தான் இறங்கும். கண்டிப்பும் வசதியும் ஒன்றாக வர வேண்டும். அண்டை மாநிலமான கேரளம் 2018இல் தனக்கென ஒரு செயல்திட்டத்தை வகுத்து, விழிப்புணர்வையும் கடைகளில் சோதனையையும் இணைத்து முன்னெடுத்துவருவது நமக்குப் பாடமாகலாம். 2012இல் மருத்துவ அமைப்புகள் கூடி இந்தியாவுக்கான நுண்ணுயிர்க்கொல்லிக் கொள்கையை வலியுறுத்திய பிரகடனம் சென்னையின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பெயர் தந்த ஊருக்குப் பொறுப்பும் உண்டு.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் இல்லாமலே தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வட்டாரத் தரவு. தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளில் எண்டோஸ்கோபி நாள்தோறும் நடக்கிறது. அப்போது எடுக்கும் திசுத் துணுக்குகளில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பி, கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின் எதிர்ப்புக்கான மரபணு மாற்றங்களைப் பிசிஆர் முறையில் பார்க்கலாம். கிருமியை வளர்க்கும் சிரமம் இதில் இல்லை. கரோனா காலத்தில் மாவட்டந்தோறும் வந்த பிசிஆர் கருவிகள் இதற்கு உதவும். தென்மாவட்டங்களில் எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கும் என்று ஓர் அட்டவணை வெளியானால், ஒவ்வொரு மருத்துவரும் இருட்டில் கைவீசும் நிலை மாறும்.

இரண்டாவது, அந்தத் தரவு வரும்வரை, முன்பு அசித்ரோமைசின் போன்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குக் கிளாரித்ரோமைசின் அட்டையைப் பழக்கத்தால் எழுதித் தருவதை நிறுத்தலாம். பிஸ்மத்தும் டெட்ராசைக்ளினும் அரசு மருத்துவமனைகளில் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். விலை குறைந்த இந்தப் பழைய மருந்துகளுக்கு விளம்பரம் செய்ய யாருமில்லை. அதனாலேயே அரசின் கவனம் அவற்றுக்குத் தேவை.

மூன்றாவது, சிகிச்சை முடிந்தபின் கிருமி போய்விட்டதா என்று உறுதிசெய்வது. எரிச்சல் நின்றதால் கிருமி ஒழிந்தது என்று பொருளல்ல. அமிலக் குறைப்பு மாத்திரையே எரிச்சலைத் தணித்துவிடும். நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து நான்கு வாரங்கள் கழித்து, அமில மாத்திரையை இரண்டு வாரங்கள் நிறுத்திய பின் மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்ய வேண்டும். சிகிச்சை பலித்ததா என்று அறியாமல் விடப்படும் ஒவ்வொரு நோயாளியும் எதிர்ப்புக் கிருமியைச் சுமந்து திரும்புபவராக இருக்கலாம்.

நான்காவது, நம் ஒவ்வொருவரின் நினைவேடு. வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியை நாட்காட்டியில் குறிக்கிறோம். குடும்பத்தில் யார், எப்போது, எந்த நுண்ணுயிர்க்கொல்லியை எத்தனை நாள் சாப்பிட்டார் என்றும் குறித்துவைக்கலாம். அந்த ஒரு தாள் எனக்கு முதலிலேயே இருந்திருந்தால் ஓராண்டு வலியும் இரண்டு சுற்று மருந்தும் மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவது, தண்ணீர். டைபாய்டையும் காலராவையும் ஒழிப்பது மாத்திரையல்ல, குழாய். கழிவுநீர் கலவாத குடிநீர் கிடைத்தால் மருந்துக்கே வேலையில்லை. மருந்துக்கு வேலையில்லாத இடத்தில் எதிர்ப்புக்கும் இடமில்லை. டைபாய்டு கிருமி இதற்கு ஒரு நம்பிக்கையையும் தருகிறது. குளோராம்பெனிகாலைப் பல ஆண்டுகள் நாம் கைவிட்டதும், இந்தியாவில் அந்த மருந்துக்கு எதிர்ப்புக் காட்டும் டைபாய்டு கிருமிகள் பெரிதும் குறைந்துவிட்டன. பயன்பாட்டைக் குறைத்தால் சில மருந்துகளையேனும் மீட்கலாம்.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். இறாலுக்குச் சோதனை ஏன் வந்தது? வாங்குபவர் கேட்டார் என்பதால் வந்தது. சோதிக்காத சரக்கு திரும்பிவரும், பணம் போகும். அதனால் சட்டம் வந்தது, 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வந்தது, தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியல் வந்தது, ஆய்வகம் வந்தது. எச்சத்தைச் சோதிப்பதும் எதிர்ப்பைச் சோதிப்பதும் வேறு வேறு என்பதை அறிவேன். ஆனால், மனம் வைத்தால் நம்மால் எத்தனை நுட்பமாகக் கண்காணிக்க முடியும் என்பதற்கு அந்த இறாலே சாட்சி.

மனிதரின் வயிற்றுக்கு அப்படி வெளிநாட்டு வாங்குநர் எவரும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அடுத்த முறை மருந்துச் சீட்டு கையில் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம்: இது ஆன்டிபயாடிக்கா? இது எனக்கு உண்மையிலேயே தேவையா? என்னிடம் அந்த மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் தாளையும் கையில் வைத்திருப்போம். இறால் உரிக்கும் அந்தப் பெண்ணுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க நேரமிருக்காது. அவருக்காக அவற்றைக் கேட்டு, விடையையும் ஆய்வகத்தையும் அவர் வாசலுக்குக் கொண்டுபோவது அரசின் கடமை.